பாலத்தடியில் பாடிய பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

அக்கரப்பத்தனையிலிருந்து உங்கள் மகள் தனுஜா எழுதுவது. நடந்ததை ஒன்றும் மறைக்காமல், உள்ளபடியே எழுதப் போகிறேன். போனில் சொன்னால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால் குவைத்துக்குத் திரும்பும் சிசிலி அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. கூரைத் தகரம் இன்னும் ஒழுகுகிறது. தமிழில் எனக்கு எண்பத்தாறு.

போன சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், டவுன் பாலத்தடியில் ஆற்றின் வரலாற்றைப் பாடினார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள். முழங்கால் தண்ணீரில் நின்று தப்பு அடித்தார்கள். முதலில் காட்டு ஓடை, பிறகு தேயிலை, பிறகு டவுன் குப்பை. நாம ஊத்துன அழுக்குத் தண்ணிக்கா இம்புட்டுப் பாட்டு என்று செல்லசாமி மாமா கேட்க, எல்லாரும் சிரித்தோம்.

கடைசியில் போன வருட வெள்ளம். ஆறு கொண்டுபோனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பாடி, வீட்டாரைக் கூப்பிட்டுத் தண்ணீரில் விட ஒரு விளக்கு தந்தார்கள். ஐந்தாவதாக உங்கள் பெயரைப் பாடினார்கள் அம்மா. நிஷாந்தி என்று மூன்று தரம்.

பெயர்களைத் தோட்ட ஆபீசில் வாங்கினார்களாம். நீங்கள் குவைத்துக்குப் போன பிறகு, தோட்டம் வேலையாளுக்குத் தந்த காம்பரா கைவிட்டுப் போகக் கூடாதென்று பிரியந்தி சித்தி உங்கள் பெயரில்தானே கொழுந்து பறித்தது. அது தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரைக்குத் தெரியாது. வெள்ளத்தில் போன சித்தியின் உடலும் கிடைக்கவில்லை. பதிவில் செத்தது நீங்கள்தான். வெள்ளத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பம் என்றுதான் துரை காம்பராவைத் திருப்பிக் கேட்காமல் இருக்கிறார்.

நான் எழுந்து, பெயர் தவறு என்று சொல்லப் போனேன். கணக்கப்பிள்ளை சிவசாமி மாமா கையைப் பிடித்துக்கொண்டார். பேசாமப் போயி வெளக்க வாங்கு புள்ள, ஒங்கப்பன் எங்க போயிப் படுப்பாரு என்றார். போய் வாங்கினேன். பாட்டுக் கேட்க வந்திருந்த துரை என் தலையைத் தடவினார். உயிரோடிருக்கும் உங்களுக்கு விளக்கு விட்டேன். சித்திக்கு யாரும் விடவில்லை.

நீங்கள் இப்போதைக்கு வர வேண்டாம் என்று எழுதச் சொன்னார் அப்பா. அது அப்பா சொன்னது.

நான் கேட்பது ஒன்றுதான். அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாதே. ஒரு தரம் சித்தியின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். இங்கே சொல்ல முடியவில்லை.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

உங்கள் மகள்,
தனுஜா

பி.கு: ஒன்று விட்டுப்போனது. எல்லாரும் கலைந்த பிறகு, மீதி விளக்கு ஒன்று இருக்குமா என்று பாடியவர்களிடம் கேட்டேன். பெயர்கள் முடிந்துவிட்டன தங்கச்சி என்றார்கள். பிறகு பாலத்து லைட்டுகளை அணைத்துவிட்டார்கள்.