வாயில் வந்த பெயர்

மிச்சம் (Mitcham), லண்டன்
18.07.1996

அன்புள்ள அம்மா,

நானும் மாமாவும் சுகம். உங்கடை மூச்சிழுப்புக்கு வவுனியாவில் மருந்து கிடைக்கிறதோ?

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போனேன். பிள்ளைப் பராமரிப்புப் படித்தால் உடனே வேலை கிடைக்கும் என்று மாமா சொன்னார். நான் விமானத்துறை வகுப்பைத்தான் கேட்டேன். அதைப் படித்தால் பிறகு விமான நிலையக் கோபுரத்தில் இருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்குப் பழகலாம். ஒன்பதாம் வகுப்போடு நின்றதால் கணக்குச் சோதனை வைத்தார்கள். பாஸ் பண்ணிவிட்டேன்.

பிறகுதான் பகிடி. படிவம் நிரப்பிய பெண் திடீரென்று பெயரும் பிறந்த திகதியும் கேட்டா. லண்டனுக்கு வரும்போது ஏஜென்சிக்காரன் பாடமாக்கச் சொன்ன, வேறொருத்தியின் பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் வாயில் வந்துவிட்டது. "சுலோச்சனா" என்றேன், அவளின் திகதியோடு. உடனே திருத்திச் சொன்னேன். அவ பேனையை மூடிவிட்டா. ஆகஸ்ட் முடிவதற்குள் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் இடமாம்.

மாமா சிரித்தார். "விமானத்துக்கு வழி சொல்லப் போறியோ? முதல் உன்ரை பேரைச் சரியாச் சொல்லு, பிள்ளை" என்றார். நானும் சிரித்தேன்.

சான்றிதழை வீட்டு அலுமாரியோடு விட்டுவிட்டு சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது. கச்சேரியில், பிறப்புப் பதியும் அலுவலகத்தில், பிரதி எடுக்க ஏலுமோ என்று கேட்டுப் பாருங்கோ. ஏலாவிட்டால் பரவாயில்லை, பிள்ளைப் பராமரிப்பும் நல்ல படிப்புத்தான்.

இன்னொன்று. கடித உறையில் மாமாவின் பெயரைப் போடாமல் என் பெயரை முழுதாக எழுதுங்கோ. இங்கே அந்தப் பெயரால் என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள்.

உங்கள் மகள்
நிரஞ்சனா பாலேந்திரா