காலண்டரைப் பார்த்துப் பெண் பார்த்தவர்கள்

உத்திரமேரூர்
12-9-1971

சௌபாக்கியவதி பவளத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் தங்கை அம்முலுவும் கண்ணைத் தவிர மற்றபடி சௌக்கியம். அங்கே கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கண்ணோடு சேர்த்துச் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள், எனக்கு ஒரு கண்ணில் இன்னும் நீர் வடிகிறது. அங்கே ஊரே கண் சிவந்து திரிகிறது, பங்களாதேஷ் அகதிகளோடு வந்ததாம் என்று அந்த நோவுக்கு ஜெய் பங்களா என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஆனி மாதம் நீ எழுதியிருந்தாய், படித்துவிட்டு நான் சிரித்தேன். இப்போது என்னைப் பார்த்து நீ சிரிக்கலாம். ஆப்பிரிக்காவில் கிளம்பி சிங்கப்பூர், பம்பாய் என்று உலகத்தையே சுற்றிக்கொண்டு வருகிறதாம், உன் நைனா பேப்பரில் படித்துச் சொன்னார். உலகத்தைச் சுற்றுகிற நோவுக்கு நம் வீட்டு வழியை யார் காட்டினார்களோ, அதுவும் அம்முலுவைப் பெண் பார்க்க வருகிற வாரமாகப் பார்த்து வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊர் நடப்பைக் கேட்டால் உனக்கே வெறுத்துப்போகும். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும் முன்னால் கண்ணைப் பார்க்கிறான், சிவந்திருந்தால் இறக்கிவிட்டு விசில் ஊதிவிடுகிறான். கல்யாண மாதத்தில் மீரான் மைதீன் பாய் கடையில் புடவை விற்கவில்லை, கறுப்புக் கண்ணாடி மட்டும் ஒன்றுகூட மிச்சமில்லை. நல்ல கண் உள்ளவர்களும் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், எதிரே வருவது யார் என்றே தெரிவதில்லை. "பாத்தா ஒட்டாதும்மா, கையும் துண்டும் பட்டாத்தான் ஒட்டும்" என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொள்கிறார், யார் கேட்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தரையைப் பார்த்துப் பேசுகிறார்கள், பேசி முடித்ததும் வீட்டுக்கு வீடு ஒரே துண்டில் முகம் துடைத்துக்கொள்கிறார்கள். மானாம்பதி முனியம்மாள் அத்தை காரியத்துக்கு மொத்தமே எட்டுப் பேர்தான் வந்தார்களாம். மற்றவர்கள் கண் நோவு என்று ஒரு வரி எழுதி, கார்டிலேயே துக்கம் விசாரித்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு நோவே இல்லை, எனக்குத் தெரியும். நோவு இரண்டு மாதத்தில் போய்விடும், இந்தப் பழக்கம் போகுமா என்பதுதான் எனக்குக் கவலை. பஸ் ஏறாமல், சேறு மிதிக்காமல், கார்டு போட்டாலே போதும் என்று ருசி கண்டுவிட்டார்கள். நாளைக்கு நம் வீட்டு நல்லது கெட்டதுக்குப் படியேற யார் இருப்பார்கள் சொல். இவ்வளவு பேசுகிறேன், நானும் அத்தைக்குக் கார்டுதான் போட்டேன்.

இப்போது அம்முலு கதைக்கு வருகிறேன், எழுத எழுத வயிறு எரிகிறது. புள்ளலூர்ப் பையன் சின்னராசுவைப் பற்றி முன்பே எழுதினேன், ஒரே பிள்ளை, சொந்த நிலம், கிணற்றில் பம்புசெட் வைத்திருக்கிறான். அம்முலுவுக்கு இருபத்துமூன்று முடியப்போகிறது, ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று, இதுவும் போனால் மூன்றாவது என்று ஊர் வாய் சும்மா இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் நைனாவுக்குக் கண் சிவந்தது, மறுநாள் அம்முலுவுக்கு. நந்தியாவட்டைப் பூவை ஒற்றினேன், சொட்டுமருந்து விட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. வரவேண்டாம், புரட்டாசி கழித்துப் பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை கார்டு போட்டோம். அந்தக் கார்டு அவர்கள் வீட்டுக்குப் போகும் முன்னால் அவர்கள் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், சின்னராசுவும் அவன் அம்மா கோவிந்தம்மாளும் தாய்மாமன் பெருமாளும், கையில் பூவும் பழமும். வாசலிலேயே நைனாவின் கண்ணைப் பார்த்துவிட்டார்கள். உள்ளே வரவும் பயம், தட்டோடு திரும்பினால் அபசகுனம். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கோவிந்தம்மாள் எங்கே பார்த்தாள் தெரியுமா, சுவரில் மாட்டியிருக்கிற முருகன் காலண்டரை. அம்முலு புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நிற்கிறாள், அந்த அம்மாள் காலண்டரிடம் கேள்வி கேட்கிறாள். "இன்னா படிச்சிகீது பொண்ணு, சமைக்கத் தெரியுமா" என்று முருகனைக் கேட்டால் முருகன் என்ன சொல்வார். பெருமாள் துண்டால் மூக்குவரை மூடிக்கொண்டு, "நடந்து காட்டச் சொல்லுங்க, காலடிச் சத்தத்துலியே தெரிஞ்சிடும்" என்றார். அவள் காப்பி கொண்டுவந்தாள். இரண்டு பேரும் தம்ளரைத் தொடவில்லை, பசும்பால் காப்பி ஆடை கட்டிப்போயிற்று. சின்னராசு மட்டும், தலை குனிந்தபடிதான், அவள் கையிலிருந்து தம்ளரை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தான். எல்லாப் பெண்ணும் தலை குனிந்து நிற்பாள், வந்தவர்கள் பார்ப்பார்கள். இங்கே வந்தவர்கள் குனிந்திருந்தார்கள், இவள் நிமிர்ந்து நின்று மூன்று பேரையும் ஆற அமரப் பார்த்தாள். அவர்கள் போனபிறகு கேட்டேன், "காப்பி குடிச்சவர எனக்குப் புடிச்சிகீதும்மா" என்றாள். நானும் சரி என்று இருந்தேன். இந்த வெள்ளிக்கிழமை கோவிந்தம்மாளிடமிருந்து கார்டு வந்தது, உங்கள் வீட்டில் காப்பி குடித்த பாவத்துக்கு என் பிள்ளை கண் திறக்க முடியாமல் கிடக்கிறான், இந்தச் சம்பந்தம் ராசியில்லை, வேறு இடம் பாருங்கள் என்று. அம்முலு அன்றைக்குச் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை. யாரைத் திட்டுவது சொல், ஆப்பிரிக்காவையா?

நேற்று மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது, போய்ப் பார்த்தால் சின்னராசு. இரண்டு கண்ணும் கோவைப்பழம், சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்களாம், புள்ளலூரிலிருந்து காஞ்சிபுரம் வந்து இங்கே வரைக்கும் இருபத்தைந்து மைலையும் மிதித்தே வந்திருக்கிறான். பெரியவர்கள் இல்லாமல் பையன் தனியாக வந்து நிற்பது நம் பக்கத்தில் உண்டா? உன் நைனா இருக்கிறாரே, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார், எல்லாம் என் தலையில். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது அத்தே, வூட்டுக்குப் போய் நானே சொல்லி அவங்கள இட்டுக்கினு வரேன். அன்னிக்கு அம்மா பக்கத்துல இருந்தாங்க, குனிஞ்சிகினே பூட்டேன். இப்பதான் எனக்கே வந்துடுச்சே, ஒரு தபா நல்லா பாத்துட்டுப் பூடறேன்" என்றான். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் அத்தை. விரட்டத்தான் வாய் திறந்தேன். அதற்குள் அம்முலு, கூப்பிடாமலே, பழைய புடவையில், பாத்திரம் தேய்த்த கையோடு கூடத்தில் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் கண் சிவந்து நீர் வழிகிறது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கோவிந்தம்மாள் பார்த்த அதே காலண்டரை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் மனசு மாறுமோ மாறாதோ, எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள், குழந்தைக்குத் தனித் துண்டு வை, கண்ணைக் கசக்க விடாதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் நைனாவும் நானும் சொல்லும் ஆசீர்வாதம், தீர்க்க சுமங்கலியாக இரு. மறக்காமல் ஒன்று. ஐப்பசியில் முகூர்த்தம் வைத்தோம் என்று நான் எழுதினால், நீயும் கார்டில் வாழ்த்து எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதே. கண் சிவந்திருந்தாலும் ரயில் ஏறி வந்து சேர்.

இப்படிக்கு
உன் அம்மா
ராணியம்மாள்