கதிரையில் இருந்தபடி நடந்தவனுக்கு

கழுத்துத் தோல் உரிகிறது. நான் இருக்கிற அஜின்கோர்ட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த நேரம், முடி வெட்டுகிற தம்பி கத்தரியை நிறுத்திவிட்டு, "என்ன அண்ணை, கியூபாவுக்கே போனனீங்கள்? நல்லாக் கருகிப்போனியள்" என்றான். "ஓம்" என்றேன். உன்னைப் பற்றிச் சலூனில் வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

கியூபா இல்லை, மச்சான். டார்வின். நீ செத்து இரண்டு மாதம் கழித்துத்தான் உன் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அதுவும் நீ சொல்லி நான் வரவில்லை. கைபேசியில் ஊர்க்காரர் குழுவில், யாரோ பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்கும் பழைய கார் விற்பனைக்கும் நடுவில் மரண அறிவித்தலாக உன் முகம் வந்தது. "டார்வினை வதிவிடமாகவும் கொண்ட" என்பது வரை வாசித்தும், வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவன், வாசிப்பில் கொஞ்சம் மந்தம் என்று வைத்துக்கொள்.

எத்தனை வருடம் கதைத்தோம்! எனக்குச் சனி பின்னேரம், உனக்கு ஞாயிறு காலமை. "நடந்துகொண்டு கதைக்கிறன்ரா, மூச்சு வாங்கினாப் பயந்திடாதை" என்பாய். பூங்காவைக் கடக்கிறேன், ஆலமரத்தடிக்கு வந்துவிட்டேன், இனிக் கடல் என்று நீ சொல்லிக்கொண்டே போவாய். நான் இங்கே குளிருக்குப் போர்த்துக்கொண்டு உன்னோடு கூடவே நடப்பேன். வரட்டுமா என்று கேட்டால், "வெய்யில் குறையட்டும்" என்பாய். பிறகு கேட்டால், "மழை விடட்டும்." டார்வினில் வெயிலையும் மழையையும் விட்டால் வேறு காலமே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

உன் மனிசி காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றா. வேண்டாம், அவன் நடந்த பாதையில் தனியாகவே நடக்கப்போகிறேன் என்றேன். பெரிய வீரம். காலில் பனிச் சப்பாத்து, தலையில் தொப்பி இல்லை. ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று வெந்நீரில் தோய்த்த துவாய் போல முகத்தில் ஒட்டியது. பூங்கா இருந்தது. ஆலமரம் இருந்தது, மேலே வௌவால்கள் கத்திக்கொண்டிருந்தன. நீ சொன்னபடியே எல்லாம் இருக்க, எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடலில் கால் நனைக்கப் போனவன், முதலைப் படம் போட்ட பலகையைக் கண்டு ஓடி வந்தேன். எவ்வளவு துக்கத்திலும் உயிர்மேல் ஒரு ஆசை இருக்கத்தான் செய்கிறது.

பிறகு அந்தப் படிக்கட்டு. "படியாலை இறங்கிறன், அலை அடிக்கிற சத்தம் கேக்குதே?" என்று கடைசியாகக் கதைத்த அன்று கேட்டாயே, அதே படிக்கட்டு. முன்னால் கம்பி வேலி. படிகளின் இடுக்கெல்லாம் புல். பாதிக்குக் கீழே படியே இல்லை, மண்ணோடு சரிந்து கிடந்தது. நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் எப்போது மூடினார்கள் என்று கேட்டேன். "இரண்டு மழைக்காலமாகிறது, மேட். அதற்குப் பிறகு ஒருவரும் இறங்கியதில்லை" என்றார்.

வெயிலில் நின்றுகொண்டு கணக்குப் பார்த்தேன். எனக்குக் கணக்கும் வராது. இது மட்டும் வந்தது.

திரும்பி நடக்கையில் மழை பிடித்தது. நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்று உன் மனிசியிடம் அந்தப் படிக்கட்டைப் பற்றிக் கேட்டேன். அவ துவாயை நீட்டிவிட்டு, யன்னலோரம் இருந்த சாய்மனைக் கதிரையைக் காட்டினா.

"கடைசி ரண்டு வருசமும் உந்தக் கதிரையிலை இருந்துதான் அண்ணை அவர் நடந்தவர்."

"அப்ப அந்த அலைச் சத்தம்?"

"அது கடலில்லை. ஒட்சிசன் மெசின்."

நீ அந்தச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டபோது, "ஓம் மச்சான், நல்ல அலை" என்று சொன்ன மடையன் நான்தானே!

"மூச்சு வருத்தத்தை வெளிநாட்டிலை இருக்கிறவைக்குச் சொல்லக் கூடாதெண்டு நிண்டவர். சொன்னா நீங்கள் வேலையை விட்டிட்டு ஓடி வருவியளாம்" என்றா.

ஓடித்தான் வந்திருப்பேன். அதிலென்ன உனக்கு நட்டம்? கொழும்பு லொட்ஜில் எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது என் வாந்தியை அள்ளியவன் நீ. நான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்ப, "பொத்திக்கொண்டு படடா" என்று அதட்டியவன் நீ. என்னுடையதை அள்ள உனக்கு உரிமை இருந்தது. உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இல்லையா? இதற்குப் பெயர் அன்பு என்று நம் சனம் சொல்லும். நான் சொல்லமாட்டேன். ஊரில் இருக்கும் தாய்க்குச் சொல்லாதே, லண்டனில் இருக்கும் தம்பிக்குச் சொல்லாதே என்று ஆளையாள் காப்பாற்றிக் காப்பாற்றி, கடைசியில் செத்தவீட்டுப் படத்தைப் பார்த்துத்தான் ஆளையாள் அறிகிறோம். உனக்கு இது கெட்டித்தனம். எனக்கு, நீ கதவை உள்ளே பூட்டிக்கொண்டு என்னை வெளியில் நிறுத்திய மாதிரி. ஆற்றாமையில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

போன சனி பின்னேரம் கைபேசி அடித்தது. பழக்கத்தில் பாய்ந்து எடுத்தேன். விட்பியில் இருக்கும் மகன். வேலையால் வரும் வழியில் காரிலிருந்து, "அப்பா, ஓகேதானே?" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் கேட்பான். நானும் எப்போதும் "ஓம், ஓகே" என்பேன். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

"இல்லையடா" என்றேன். "படியேற நெஞ்சு இறுக்குது. நித்திரை இல்லை. என்ரை சிநேகிதன் செத்துப்போனான், அவனிலை எனக்குச் சரியான கோபம்."

பிள்ளையைப் பயப்படுத்திவிட்டேனே என்று, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காரின் சிக்னல் விளக்குப் போடுகிற டிக்டிக் சத்தம் கேட்டது, பிறகு எஞ்சின் நின்றது.

"காரை ஓரமா விட்டிட்டன் அப்பா. நாளைக்கு டொக்டரிட்டை நான் கூட்டிக்கொண்டு போறன். இப்ப சொல்லுங்கோ, ஆர் அந்த ஆள்?"

உன்னைத் திட்டியபடியேதான் தொடங்கினேன்.