வண்டி ஓட்டாத என் தம்பிக்கு

என் ராசா குமரேசா,

உன் பேரை நான் கடைசியாக ஆசை ஆசையாக எழுதியது தேன்மொழியின் காதுகுத்துப் பத்திரிகைக்காக. தாய்மாமன் என்று போட்டு அதற்குக் கீழே உன் பேர். அதற்கப்புறம் உன் பேரைப் பார்த்ததெல்லாம் கோர்ட்டுக் காகிதத்தில்தான். நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். உன்னிடமும் யாராவது சொல்ல வேண்டாமா?

முதலில் வீட்டுச் சேதி. தேன்மொழி மூன்றாவது படிக்கிறாள். வாய் உன் வாய்தான், யாருக்கும் அடங்குவதில்லை. அவளுக்கு இப்போது ஒரு தம்பி இருக்கிறான், நீ பார்க்காதவன். கவர்மெண்ட் டிவி ஒன்று வந்திருக்கிறது. அம்மா அதன் மேல் உன் போட்டோவை வைத்துக்கொண்டு, யாரையும் டிவி போட விடுவதில்லை.

அன்றைக்கு நடந்ததை உனக்கே நான் சொல்வது வேடிக்கைதான். ஆனால் ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள், அதனால் சொல்கிறேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தேன்மொழியை மடியில் வைத்திருந்தாய். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை சும்மா இருக்கிறாள், நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். "ஊசி ஒனக்கா அவளுக்காடா?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது.

நீ வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் சூளை பற்றவைத்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. உன் முறையைக் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டு உன்னை அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கறிச்சோறு சூடு ஆறாமல் போய்ச் சேர வேண்டும் என்று பந்தி முடியும் முன்பே கிளம்பி நின்றாய். "பஸ்ஸுல போயிடறேன்க்கா" என்றாய்.

உன் மாமா விட்டாரா? பங்காளிகளோடு மண்டபத்துக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வந்திருந்தார். "சீரு செஞ்ச மச்சான பஸ்ஸுல அனுப்பிட்டு நான் என்னா மூஞ்ச வச்சிகிட்டு நிக்கறது? ஏறுப்பா" என்று பைக்கை எடுத்தார். "நெதானமில்லாம இருக்கீங்க, வாணாங்க" என்றேன். நீதான் என் வாயை அடைத்தாய். "வுடுக்கா. இத்தினி சனத்துக்கு முன்னால வாணாம்னா மாமாவுக்கு மரியாதையா இருக்காது. மெதுவா போவச் சொல்றேன்." மரியாதையாம் மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுபோய் அடுப்பில் போட.

பின்னால் உட்கார்ந்தாய். கறிச்சோற்றுக் குண்டானை நான்தான் உன் மடியில் வைத்தேன். சுடுகிறது என்று உன் புதுத் துண்டை மடித்து அடியில் கொடுத்தேன். இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்க்கா" என்றாய். அதுதான் நான் கேட்ட கடைசி வார்த்தை.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் வருகிற வண்டிகளை நிறுத்தி, குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது. உன் மாமாவுக்கு லோடு வேன் ஓட்டுவதுதான் பிழைப்பு. லைசென்ஸ் போய்விடுமே என்ற பயத்தில் சட்டென்று வண்டியைத் திருப்பியிருக்கிறார். போலீஸ் விரட்ட, இவர் முறுக்க, சந்துக்குள் களிமண் ஏற்றி நின்ற டிராக்டரில் போய் மோதியது. அவருக்குக் கால் எலும்பு போனது. எனக்கு நீ போனாய்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, "எங்க வூட்டுக்காரருதான் ஓட்டனாரு" என்று இருந்ததைச் சொன்னேன். அப்புறம்தான் உன் மாமாவுக்கு வைத்த வக்கீல் வந்தார். உன் மாமாவின் ரத்தத்தில் சாராயம் இருந்தது, உன் ரத்தத்தில் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி. தூரத்திலிருந்து பார்த்த போலீசால் யார் ஓட்டினார் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. "தம்பிதான் ஓட்டனாப்ல, லைசென்ஸ் இல்லாத பயத்துல திருப்பிட்டாப்லன்னு சொல்லிடுவம்மா. செத்தவங்க மேல கேஸு நிக்காது. அன்னிக்குப் பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார்.

நீ குடிக்காமல் இருந்ததை வைத்தே உன்னைக் குற்றவாளியாக்கப் பார்த்தார்கள் தம்பி. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாத உன்னை. உன் மாமாவைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார்.

அம்மாகூட என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தவன கோர்ட்டு என்னாடி பண்ணும்? கையில ஒண்ணு, வயித்துல ஒண்ணு. இருக்கறவர உள்ள அனுப்பிட்டு எங்க போயி நிப்ப? எம்புள்ள கோச்சிக்க மாட்டான்டி" என்று அழுதாள். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய், எனக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. எதற்கும் கோபித்துக்கொள்ளாதவன் என்றால் அவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாமா?

வயிற்றைத் தள்ளிக்கொண்டு கூண்டில் ஏறினேன். "அவ்ளோ உறுதியா எப்படிம்மா சொல்றீங்க?" என்று வக்கீல் மடக்கினார். "எந்தம்பி ரெண்டு கையும் குண்டானப் புடிச்சிருந்துதுங்க. நான்தான் மடியில வச்சேன். வண்டி ஓட்ட அவனுக்கு மூணாவது கை இல்லீங்க" என்றேன். உன் மாமா தலை நிமிரவில்லை.

குடித்துவிட்டு ஓட்டியது, நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் ஓடியது, ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தது என்று ஒவ்வொன்றாக வாசித்தார்கள். இரண்டு வருஷம். லைசென்சும் ரத்து. வெளியே வந்தபோது ஒரு போலீஸ்காரர், "நின்னு ஊதியிருந்தா அபராதத்தோட போயிருக்கும்மா" என்றார். அதற்குப் பயந்தா ஓடினார்?

சனங்கள் எனக்கு வைத்த பேர் 'புருஷனப் புடிச்சிக் குடுத்தவ'. அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் கம்பெனியிலேயே பொம்மைக்கு வர்ணம் அடிக்கப் போனேன், இன்னும் போகிறேன். சூளைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன்.

பையன் பிறந்ததும் ஜெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று உன் மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். "எல்லாம் ஞாபகமிருக்குது செல்வி. 'நிறுத்துங்க மாமா, சோறு ஆறனா ஆறட்டும், நான் எறங்கி அவுங்ககிட்ட பேசறேன்'னு சொல்லிக்கிட்டே வந்தான். நான்தான் கேக்கல" என்றார். அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை. நீ நிறுத்தச் சொல்லியிருக்கிறாய் தம்பி. ஒரு கையை விட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? சோறு சிந்திவிடும் என்றா பார்த்தாய்?

இப்போது அவர் வெளியே வந்துவிட்டார். மூட்டை தூக்குகிறார். வண்டியைத் தொடுவதில்லை, குடியையும் தொடுவதில்லை. என்னால் அவரோடு சிரித்துப் பேச முடியவில்லை, சோறு போடாமல் இருக்கவும் முடியவில்லை.

வருகிற மாசி மாதம் பையனுக்குக் காது குத்துகிறோம். யார் மடியில் உட்கார வைப்பது என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு பேர் சொல்கிறார்கள். நான் ஒருவரையும் ஒத்துக்கொள்ளவில்லை. போலீசிடமிருந்து வந்த உன் துண்டை நேற்று அம்மா பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து என் கையில் கொடுத்தாள். குழம்புக் கறை போகவில்லை.

அந்தத் துண்டை என் மடியில் விரித்து அதன் மேல்தான் உன் மருமகனை உட்கார வைப்பேன். அதற்கு முன்னால், அன்றைக்கு உட்கார்ந்திருந்த அத்தனை சனத்துக்கும் எதிரில் உன் மாமா எழுந்து நின்று, "நான்தான் ஓட்டனேன், எம்மச்சான் நிறுத்தச் சொன்னான்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டியிருக்கிறார். அவர் அதைச் சொல்லி முடிக்கிறவரை ஆசாரியை ஊசி எடுக்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மடியை வேறு யாருக்கும் கொடுக்காத
உன் அக்கா,
செல்வி