பள்ளம் வைத்த வாள்

மார்ச் 2, ஞாயிறு

சத்தத்துக்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. இங்காவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

கடைக்காரர் மேசைமேல் இரண்டு வாள்களை வைத்தார். நீளம் ஒன்றே. ஒன்றில் முதுகை ஒட்டி மெல்லிய பள்ளம் ஓடியது. மற்றதில் பள்ளம் இல்லை, சற்றுக் கனம். பள்ளம் வைத்ததை வீசினேன். காற்றில் நீளமாக ஊதியது. கனமானதை வீசினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"பள்ளம் இருந்தா யார் வீசினாலும் ஊதும்மா. இது நீங்க சரியா வீசினாத்தான் வாயைத் திறக்கும். மூங்கில் வெட்டத்தானே? கனமானதை எடுங்க. மத்தது கோணலா இறங்கினா வளைஞ்சிரும்."

வகுப்பில் ஏழு பேருக்கு ஒரு வாள் போதவில்லை. இரண்டாவதைப் பார்த்து வாங்கும் பொறுப்பை டாக்டர் என்னிடம் விட்டிருந்தார். வாரமெல்லாம் பல் பிடுங்கிவிட்டு, சனிக்கிழமை காலையில் எங்களுக்கு வாள் சொல்லித்தருகிறவர். "நீதான் எல்லாத்தையும் படிச்சு வெச்சிருக்கிற ஆளாச்சே" என்றார்.

போனில் அவரிடம் நான் சொன்னது: "இது லேசா இருக்கு டாக்டர். எங்க அண்ணி மாதிரி புதுசா சேர்ந்தவங்களுக்கு வசதி."

அண்ணியை ஏன் இழுத்தேன்?

மார்ச் 5, புதன்

மெய்ப்பு பார்க்கும் வேலைக்கு அரைநாள் விடுப்பு. வகுப்பு நடக்கும் கூடத்தின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

பொருளறை மூலையில் போன மாதத்து மூங்கில் ஒன்று, வைக்கோல் நிறத்தில். வெட்டி மூன்று நாளைக்குள் இருக்கும் பச்சை மூங்கிலைத் தவிர வேறெதிலும் வாள் படக்கூடாது — வகுப்பின் முதல் விதி. அதைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, சுவரில் ஒட்டியவளே நான்.

காற்றில் பத்து முறை வீசினேன். பத்து முறையும் வாள் என்னைப் பாராட்டியது. பிறகு காய்ந்ததை, வெட்டுவதற்கு மூங்கிலை நிறுத்தும் முளையில் செருகினேன்.

வீசினேன். பாதியில் நின்றது. கணுவுக்குள். இழுத்தேன், வரவில்லை. முறுக்கி இழுத்தேன்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரிகிறது. நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முழங்காலில் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் நேரானது. கொஞ்சம்தான். எண்ணெய்த் துணியால் துடைத்து உறையில் போட்டேன். கடைசி நான்கு விரல் அளவு இறுக்கிப் பிடித்தது. தள்ளினேன்.

மூங்கிலைப் பையில் சுருட்டி எடுத்துவந்து, இரண்டு தெரு தள்ளி, யார் வீட்டுக் குப்பைத்தொட்டியிலோ போட்டேன்.

மார்ச் 6

டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 7

நாளைக்கு நேரில் சொல்லிவிடலாம்.

மார்ச் 8, சனி

அண்ணிக்கு இன்று முதல் வெட்டு. இரண்டு மாதம் மரவாளோடு பழகியவர். காலையில் ஐந்து மணிக்கே எழுந்து அண்ணனின் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு, எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். "ஏய் புத்தகப்புழு, கிளம்பு. மூங்கில் காய்ஞ்சிடப்போகுது."

காய்ஞ்சிடப்போகுது.

புது வாளை உருவும்போது திரும்பி என்னைக் கேட்டார். "இறுக்கமா இருக்கே, இப்படித்தான் இருக்குமா?"

"புதுசுல்ல அண்ணி. போகப்போகச் சரியாயிடும்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது.

வீசினார். ஊதியது. மூங்கிலில் பட்டுச் சறுக்கி முளையில் போய் மோதியது. டாக்டர் வாளை வாங்கி, பல்லைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"வளைஞ்சிருக்கே."

"ஐயோ, நான் ஓங்கி அடிச்சுட்டேன் போலிருக்கு" என்றார் அண்ணி. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"பரவால்லம்மா. மணிக்கட்டு திரும்பியிருக்கும். கொஞ்ச நாள் மரவாள்லயே இருங்க."

நான் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். நாலாக. எட்டாக.

மார்ச் 11

அண்ணி வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். அண்ணன்: "ஏம்மா, பாத்து. வீட்ல இருக்கறது ஒரே கத்தி. வளைச்சிடாத."

எல்லாரும் சிரித்தோம். நானும்.

மார்ச் 15, சனி

அண்ணி வரவில்லை. அஞ்சலகத்தில் வேலை இருக்கிறதாம். சனிக்கிழமைகளில் அவருக்கு அங்கே பணி முறை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மார்ச் 18

சமையலறையில் விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டு, மறுபடி எடுத்தார்.

"இங்க வா. மெதுவா இறக்கறேன், என் கை எந்த இடத்துல திரும்புதுன்னு பாரு."

பார்த்தேன். எந்த இடத்திலும் திரும்பவில்லை. ஏழு பேரில் இவ்வளவு நேராக இறங்கும் கை வேறொன்று இல்லை.

"தெரியல அண்ணி" என்றேன்.

நான் எப்படிப்பட்ட ஆள்? இதை எழுதுவதால் நல்லவளாகிவிடுவேன் என்று நினைக்கிறேனா? நேர்மையாக எழுதுகிறோம் என்ற எண்ணம் வரும்போது ஒரு சின்ன சுகம். அதுவும் பள்ளம்தான் — யார் வீசினாலும் ஊதும்.

மார்ச் 22, சனி

வளைந்ததைக் காட்டிவிட்டு வேறு வாள் பார்த்துவரச் சொன்னார் டாக்டர். என்னைத்தான். "உனக்குத்தான் கண் இருக்கு."

கடைக்காரர் வாளை உருவியதும் உதட்டைப் பிதுக்கினார். "பச்சை மூங்கில் இப்படி வளைக்காது. காஞ்சதுல மாட்டி, முறுக்கிப் பிடுங்கியிருக்காங்க. யாரு?"

"தெரியலங்க. யாரோ."

"அந்த யாரோ கைல புதுசையும் குடுத்துடாதீங்க."

எதையும் பார்க்காமல் வந்துவிட்டேன். பேருந்தில் உறையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை, காய்ந்த மூங்கில், முழங்கால், குப்பைத்தொட்டி — எல்லாவற்றையும் ஒரே மூச்சில். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"இறுக்கமா இருக்குன்னு கேட்டேனே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"ம்."

"தெரிஞ்சேதான் என் கைல குடுத்தியா?"

சட்டையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வாரமா என் கையையே சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். முத்திரை குத்தறப்போ கோணலா விழுதான்னு பாக்கறேன். உங்கண்ணன் தினம் கிண்டல் பண்றான், நீயும் கூட உக்காந்து பல்லைக் காட்டற. விளக்குமாத்தைத் தூக்கிட்டு உன்கிட்டயே வந்து நின்னேனே! என்னைப் பாத்தா எப்படி இருந்துச்சு உனக்கு?"

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"இங்க சொல்லாத. அங்க வந்து சொல்லு. அத்தனை பேர் முன்னாடிதானே நான் நின்னேன்."

மார்ச் 29, சனி

சொன்னேன். அத்தனை பேர் முன்னால். எவ்வளவோ யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "நான்தான். புதன்கிழமையே. அண்ணி இல்ல." அவ்வளவுதான்.

டாக்டர் திட்டவில்லை. அண்ணியிடம் திரும்பி, "கேக்காமலே உங்கமேல போட்டுட்டேன், தப்பு என்னுது" என்றார். பிறகு என்னிடம், பார்க்காமலே: "சாவியை வெச்சிட்டுப் போ. மூணு மாசம் வாளைத் தொடாத. வரணும்னா வா, மூங்கில் நட்டுக் குடு."

வரவேண்டாம் என்று சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 5, சனி

வாள் தேர்ந்தெடுக்க டாக்டரோடு அண்ணி போனார். கனமானது. வீசிப் பார்க்கவே இல்லையாம். கையில் ஏந்தி நின்றாராம், போதும் என்றாராம். இதுவும் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அண்ணி பேசுவது: "கதவைச் சாத்து." "தண்ணி வருது, பிடி."

அண்ணன் இப்போது கத்தி ஜோக் சொல்வதில்லை. என்னைப் பார்த்துக்கூட.

ஏப்ரல் 12, சனி

மூங்கில் நட்டேன். நேற்று வெட்டியது, ஈரம் கையில் ஒட்டியது.

அண்ணியின் முறை. முதல் வீச்சு தோலைக் கீறி நின்றது. கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணி வலது கையை உடையில் துடைத்தார். அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். மறுபடி உயர்த்தினார்.

காற்றில் ஒரு சின்ன மூச்சு. அவ்வளவே. மூங்கில் அசையாமல் நின்றது, பிறகு மேல்பாதி தன் பாட்டுக்கு நழுவி விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை, வகுப்பில் அது வழக்கமில்லை. அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அடுத்ததை வை."

விழுந்த துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த மூங்கிலை முளையில் செருகி, மூன்றடி பின்னால் போய் நின்றேன்.