இல்லாத இரண்டு இன்ஜின்களும் உயிரோடு இருக்கும் ரேடியோ ஆபரேட்டரும்

அனுப்புநர்:
'வால்றெக்கை'
(இணையத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இதுதான், அடையாள அட்டை நகல் இணைப்பில் உள்ளது)
பழைய விமானப் பித்தர்கள் குழு,
கண்ணாடிக் கடை மாடி, மேம்பாலத்துக்குக் கீழே.

பெறுநர்:
வன அலுவலர் அம்மா அவர்கள்,
மலையடிவார வன அலுவலகம்.

பொருள்: மலைமேல் விழுந்த சரக்கு விமானத்துக்குச் செல்லும் நடைபாதையை வரும் முதல் தேதி முதல் மூடும் உத்தரவை நிறுத்தி வைக்கவும், பாதை தொடங்கும் இடத்தில் உள்ள தகவல் பலகையைத் திருத்தவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். போன வாரம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். தாங்கள் காட்டுக்குள் போயிருந்தீர்கள். எழுத்தர் ஐயா, "எதுவா இருந்தாலும் எழுதிக் குடும்மா, ஒரு பக்கத்துல முடிச்சுக்கோ" என்றார். ஒரு பக்கம்தான் என்று உட்கார்ந்தேன். விமானம் என்று வந்துவிட்டால் எனக்குக் கை நிற்காது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை செய்கிறேன். விமானங்களைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. வீடியோ பார்த்தும், இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு சண்டை போட்டும் கற்றுக்கொண்டதுதான். பறக்கும் விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. விழுந்த விமானத்தில் மட்டும் பல முறை ஏறியிருக்கிறேன். அது தங்கள் மலையில் இருக்கிற விமானம்.

2. அதைத் தாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு இறக்கை பாறையில் சாய்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் அதன் கீழே நாலு பேர் நிற்கலாம். ஜன்னல் ஒன்றின் வழியாக ஒரு மரம் உள்ளே போய், கூரை வழியாக வெளியே வந்திருக்கிறது. இன்ஜின்மேல் பச்சை வெல்வெட் போட்டதுபோலப் பாசி. புரொப்பல்லரின் மூன்று தகடுகளும் ஒரே பக்கமாக வளைந்திருக்கின்றன. அப்படி வளைந்திருந்தால், விழும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். விமானி கடைசிவரை விடவில்லை, அம்மா! இதை முதல் முறை கண்ணால் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

3. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்துக்குள் நுழையும் முன் கதவுச் சட்டத்தில் இரண்டு முறை தட்டுவோம். கதவு எப்போதோ போய்விட்டது, சட்டம் மட்டும் நிற்கிறது. ஆனாலும் அது யாரோ வேலை பார்த்த இடம். அடுத்தவர் இடத்துக்குள் தட்டாமல் நுழைவது மரியாதை இல்லை. யாரும் எதையும் கழற்றுவதில்லை, பெயர் கிறுக்குவதில்லை. மிட்டாய்த்தாளைக்கூட பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் நாங்கள்.

4. வீட்டில் என்னைத் தனியாக விடமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் என் அத்தை கூட வருவார். அவர் பேருந்து நடத்துநர். முதல் தடவை வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார். "பழைய இரும்பப் பாக்க இம்புட்டு தூரமா? நம்ம தெருமுக்கு இரும்புக் கடைக்குப் போயிருந்தா பக்கத்துலயே டீயும் கிடைச்சிருக்கும்டி." மேலே போனதும் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பும்போது, "அடுத்த லீவு என்னைக்குடி?" என்று கேட்டார். அந்த மலை மனிதர்களை என்ன செய்கிறது என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி அத்தைதான்.

5. இனி புகாருக்கு வருகிறேன். போன கோடையில் தங்கள் அலுவலகம் பாதை தொடக்கத்தில் பெரிய பலகை ஒன்று வைத்தது. வைத்ததற்கு நன்றி. ஆனால் அதில் வரைந்திருக்கும் விமானத்துக்கு நான்கு இன்ஜின்கள். மேலே கிடப்பதற்கு இரண்டுதான். இடது இறக்கையில் ஒன்று, வலது இறக்கையில் ஒன்று. அது பிறந்ததே அப்படித்தான்.

6. இதை எழுத்தர் ஐயாவிடம் சொன்னபோது, "ஃப்ளைட்டுனா ஃப்ளைட்டுதானேம்மா, ரெண்டா இருந்தா என்ன, நாலா இருந்தா என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பலகையில் நான்கைப் பார்த்துவிட்டு ஏறுகிறவர்கள் மேலே போய் இரண்டை எண்ணுகிறார்கள். உடனே, "மிச்சம் ரெண்டு எங்க?" என்று தேடத் தொடங்குகிறார்கள். என் அத்தையே தேடினார். பஸ்ஸில் ஒரு தலை குறைந்தாலும் விசில் ஊதாதவர் அவர். "எண்ணிக்கை இடிக்குதே" என்று புதர்ப் பக்கம் போனவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குள் யாரோ ஒருவர், 'காணாமல் போன இரண்டு இன்ஜின்கள்! மலையில் புதைந்த மர்மம்!' என்று வீடியோ போட்டுவிட்டார். அது தீயாகப் பரவியது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனைத் தரையில் காட்டிக்கொண்டே பள்ளத்துப் பக்கம் இறங்குகிறார்கள்.

7. அப்படி இறங்கியவர்களில், ஒரு கம்பெனியிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டதும், அவர்களைத் தேடிப்போன வனக்காவலர் அண்ணனுக்குக் கணுக்கால் பிசகியதும் தாங்கள் அறிந்ததே. அவரை வீட்டில் போய்ப் பார்த்தோம். காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "பாப்பா, தொலைஞ்ச மாட்டைக்கூட நான் தேடிப் புடிச்சிடுவேன். இல்லாத இன்ஜினத் தேடிப் போனவங்களை எந்தத் திசையிலன்னு தேடுறது?" இதன் பிறகுதான் மூடல் உத்தரவு வந்தது. தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் ஆட்களை வழி மாற்றியது பாதை இல்லை, அம்மா. படம்.

8. படத்தை வரைந்தவரையும் தேடிப்போனேன். சண்டை போடத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் அவர் கடை. உள்ளே டர்பன்டைன் வாசனை. ஒரு பக்கம் பல் டாக்டருக்காகச் சிரிக்கிற பல், இன்னொரு பக்கம் பாதி வரைந்த கோழி. பெயின்டர் அண்ணன் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு அமைதியாகப் பதில் சொன்னார்: "பலகையைப் பெரிசாக் குடுத்துட்டாங்க. ரெண்டு இன்ஜின் போட்டுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் காலியா இருந்துச்சு. காலியா விட்டா வேலை முடிக்காத மாதிரி இருக்கும்லம்மா? அதான் பக்கத்துக்கு ஒண்ணு சேத்தேன்." எனக்குக் கோபம் பறந்துவிட்டது. சட்டத்தில் லென்ஸுக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் எனக்கும் கை அரிக்கும். வேலை தெரிந்த மனிதர், விமானம்தான் தெரியவில்லை. அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

9. பலகையில் இன்னொரு பிழையும் உண்டு. மேலே பெரிய எழுத்தில் 'உயிர்நீத்தோர் நினைவிடம்' என்று இருக்கிறது. அம்மா, அந்த விபத்தில் ஒருவரும் சாகவில்லை! என் அப்பா பிறப்பதற்கு முன் நடந்த விபத்து அது. தபால் மூட்டை ஏற்றி வந்த விமானம் மேகத்துக்குள் மலையில் உட்கார்ந்துவிட்டது. விமானி, மெக்கானிக், ரேடியோ ஆபரேட்டர் ஆகிய மூன்று பேரும் கால்நடையாகவே கீழே வந்து சேர்ந்தார்கள். நாம் இன்று ஏறுகிற பாதை, அன்று அவர்கள் இறங்கிய வழிதான்.

10. இது எனக்கும் முன்பு தெரியாது. பலகையைப் படம் எடுத்து, 'நாலு இன்ஜினா? அநியாயம்!' என்று என் இணையப் பக்கத்தில் பொங்கியிருந்தேன். அதற்கு ஒரு அக்கா போட்ட பதிலை அப்படியே தருகிறேன்: "இன்ஜினை விடும்மா. இந்த ஃப்ளைட்ல ரேடியோ ஆபரேட்டரா இருந்தவர் எங்கப்பா. இப்ப ஹால்ல உக்காந்து மேட்ச் பாத்துட்டு இருக்கார். அவரை எதுக்குச் சாகடிச்சீங்க?"

11. நானும் முதலில் நம்பவில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எதுவும் சொல்லலாம். வீடியோ காலில் அந்த ஐயாவே வந்தார். எண்பதைத் தாண்டியவர். காதில் மிஷின், குரல் மட்டும் கணீர். "என் சீட்டுக்கு மேல ஒரு கொக்கி இருக்குமே, இருக்கா? கேன்டீன் ஸ்பூனை வளைச்சு நானே மாட்டினது. தொப்பி தொங்கவிட" என்று கேட்டார். நான் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது, அம்மா! அதைக் கம்பி என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் கடந்து போயிருக்கிறோம். ஸ்பூனின் வட்டமான முனை துருவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. நான் கத்திய கத்தலில் கீழே கடையிலிருந்து முதலாளி ஓடி வந்துவிட்டார். (படம் இணைப்பில் உள்ளது. சிவப்பு வட்டம் நான் போட்டது.)

12. விழுந்த அதிர்ச்சியில் ஐயாவின் ஒரு ஷூ எங்கேயோ போய்விட்டதாம். விமானி தன் ஷூவில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்க, கொஞ்ச தூரம் இவர், கொஞ்ச தூரம் அவர், அப்புறம் மெக்கானிக் என்று மூன்று பேரும் முறை வைத்து ஒரு கால் வெறுங்காலாக இறங்கியிருக்கிறார்கள். மற்ற இருவரும் பிறகு நன்றாக வாழ்ந்து, வயதாகி, அவரவர் வீட்டுக் கட்டிலில் கண்ணை மூடினார்கள். ஐயா மட்டும் இருக்கிறார். பலகையில் தன் பெயரில்லாமலே தன்னைச் சாகடித்திருப்பதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "அந்த இடத்தை நான் திரும்பிப் பாக்கவே இல்லையேம்மா" என்றார்.

13. அடுத்த மாதம் இரண்டாம் வாரம் மகளோடு வருவதாக ரயில் டிக்கெட் போட்டுவிட்டார். "இந்த வயசுல மலையா?" என்று என் அத்தை போனுக்குள் தலையை நீட்டிக் கேட்டதற்கு, "ஒத்த ஷூவோட இறங்கினவன், ரெண்டு ஷூவோட ஏற மாட்டேனா?" என்றார். டாக்டரும், நின்று நின்று போகட்டும் என்று சரி சொல்லிவிட்டார். ஆனால் முதல் தேதியே பாதை மூடப்பட்டால் அவர் பாதையை மறித்துக் கட்டும் சங்கிலிக்கு இந்தப் பக்கம், தன்னை இறந்தவர் என்று சொல்லும் பலகைக்குப் பக்கத்தில், நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மனுவை எழுதியதில் அர்த்தமே இல்லை.

14. ஆகவே தாங்கள் மூடல் உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். பலகை திருத்தப்படும்வரை ஆட்கள் பள்ளத்துப் பக்கம் இறங்காமல் இருக்க, பாதை பிரியும் இடத்தில் கயிறு கட்டி விடுமுறை நாட்களில் எங்கள் குழு காவல் நிற்கும். அத்தை விசில் கொண்டு வருவார். அந்த விசிலைத் தாண்டி இதுவரை யாரும் ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. 'மர்மம்' வீடியோ போட்டவரிடமும் பேசிவிட்டேன். 'மர்மம் தீர்ந்தது' என்று இன்னொன்று போட அவருக்கு ஏக சந்தோஷம்.

15. பலகையைத் தன் செலவிலேயே திருத்தித் தருவதாகப் பெயின்டர் அண்ணன் ஒப்புக்கொண்டார். ஓரத்து இன்ஜின்கள் இரண்டையும் சுரண்டிவிடுவார். தலைப்பை, 'மூவரும் நடந்தே இறங்கினார்கள்' என்று மாற்றுவார். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. "இன்ஜினை எடுத்துட்டா மறுபடியும் காலி இடம் வருமேம்மா, அங்க என்ன போடுறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் யோசித்துச் சொன்னதை அவர் உடனே கரித்துண்டால் சுவரில் வரைந்து காட்டினார். ஒரு மலைச்சரிவு. அதில் இறங்கி வரும் மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு கால் வெறுங்கால். அந்தக் காலி இடம் இதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது. இப்படி வரைய எழுத்து மூலம் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

16. அம்மா, நாங்கள் இத்தனை காலமாக அந்தக் கதவுச் சட்டத்தில் இரண்டு முறை தட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு முறையும் உள்ளே யாரும் இருந்ததில்லை. இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் தட்டினோம். அடுத்த மாதம் ஐயாவை முதலில் உள்ளே அனுப்பி, அவருடைய கொக்கிக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் வெளியே வரிசையில் நின்று தட்டப் போகிறோம். உள்ளேயிருந்து ஒருவர் "வாங்க" என்று சொல்வார். அதற்குப் பாதை திறந்திருந்தால் போதும். தாங்களும் அன்று வர வேண்டும். முதலில் தட்டும் உரிமை தங்களுக்கே.

நாள்: பதினெட்டாம் தேதி, திங்கள்
இடம்: மலையடிவாரப் பேருந்து நிலையம், காத்திருப்போர் பெஞ்சு

தங்கள் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
'வால்றெக்கை'

சாட்சிக் கையொப்பம்: அத்தை, பேருந்து நடத்துநர்
(படித்துப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறது.)