கிணற்றுச் சுவரில் சைலோட்டம்

2 டிசம்பர் 1973, ஞாயிறு. கோபாலபுரம்

இந்த ஞாயிறும் கிணற்றடியில் கழிந்தது. உள்சுவரின் கல் இடுக்கில் என் சைலோட்டம் செடி இன்னொரு கிளை விட்டிருக்கிறது. இலை கிடையாது, வேர் கிடையாது. பச்சைக் குச்சி இரண்டாகப் பிரிந்து, அவையும் இரண்டிரண்டாகப் பிரிந்து போகின்றன. ஓரத்தில் மஞ்சள் மணிகள். ஸ்காட்லாந்துப் பாறையில் நாற்பது கோடி வருஷமாகக் கல்லாய்க் கிடக்கும் ரைனியாவும் கிட்டத்தட்ட இப்படித்தான். தண்ணீரை விட்டுத் தரைக்கு வந்த ஆதிச் செடிகளில் ஒன்று அது.

அந்த வம்சத்தில் மிஞ்சியதா இது? இல்லை, இலையும் வேரும் இருந்து இழந்த ஏதோ ஒரு பெரணியா? இதுதான் என் ஆராய்ச்சி. மண்ணுக்குள் முளைக்கும் பருவத்திலாவது இலையின் தடம் தெரிகிறதா என்று பார்த்தால் ஓரளவு சொல்லலாம்: தடம் இருந்தால் இலையை இழந்த செடி, இல்லையென்றால் ஆதி வம்சம். அதற்குத் தோண்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் கண்டது இந்த ஒரு செடிதான். தோண்டி, செத்துப்போனால்?

9 டிசம்பர்

இன்று யாரிடமும் பேசவில்லை.

23 டிசம்பர்

அண்ணா பம்பாயிலிருந்து வந்திருக்கிறான் என்று பாலக்காட்டுக் கல்பாத்தியில் எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். "முப்பத்தாறு வயசாச்சு. மார்ச்சுக்குள்ளே தீசிஸை முடிச்சா முடி, இல்லேன்னா ஸ்கூல் வேலையை விட்டுட்டு என்னோட வந்துடு. உன் மன்னிக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்? மிச்ச ஆயுசும் அவன் வீட்டு அடுக்களையில்தான் என்று எனக்குத் தெரியாதா?

16 ஜனவரி 1974

பொங்கலுக்குக் கல்பாத்தி போய்விட்டுத் திரும்பினேன். என் அறை வாசலில் காப்புக் கட்டியிருந்தது. இந்த ஊர்க் குடியானவர்கள் பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்துக் கூரையில் செருகுவார்கள். நடுவில் பச்சையாக, இரண்டிரண்டாகப் பிரிந்து — என் செடி. முழுச் செடி. வாடிவிட்டது.

வீட்டுக்காரி கமலாத்தாளைக் கூப்பிட்டுக் கத்தினேன். உன்னை யார் தொடச் சொன்னது, அறிவிருக்கிறதா என்றெல்லாம்.

"ஏனுங்க டீச்சர், எல்லாத்தூட்டு வாசல்லயும் காப்பு இருக்குது, உங்க வாசல் மட்டும் மொட்டையா இருந்துச்சுங்க. வாராவாரம் அதும்முன்னால குனிஞ்சு நிப்பீங்க. பெரிய மூலிகைன்னு நெனச்சு நானே கெணத்துல எறங்கிப் பறிச்சனுங்க" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செடிக்காக மட்டுமா? எனக்குன்னு ஒருத்தி ஒண்ணு செஞ்சா, அவளையா இப்படித் திட்டுவேன்?

17 ஜனவரி

கமலாத்தாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

20 ஜனவரி

செடி முழுசாக வரவேண்டும் என்று கடப்பாறையால் கல்லையே நெம்பியிருக்கிறாள். நான் தொடப் பயந்த மண் அத்தனையும் வெளியே கிடக்கிறது. ஒரு டப்பாவில் வாரிக்கொண்டு வந்தேன்.

3 பிப்ரவரி

மண்ணைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறேன். மணல், நத்தை ஓடு, மறுபடி மணல்.

24 பிப்ரவரி

கிடைத்தது. மண்ணுக்குள் முளைக்கும் பருவம்தான்: குருணை அளவு, பழுப்பு நிறம், அதிலிருந்து ஒரு சின்ன முளை. மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இலைத் தடம் இல்லை. வேர்த் தடமும் இல்லை. ஒன்றை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. இன்னும் பல வேண்டும். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

கமலாத்தாளிடம் போய் நின்றேன். அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். "அத உடுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள். ஒற்றைக் கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்களே டீச்சர்."

ஆமாம், அதுதான் என்றேன்.

31 மார்ச்

அண்ணா என்னை அழைத்துப்போக வந்தான். தீசிஸ் பாதிகூட ஆகவில்லை. கூடுதல் காலம் கேட்டு யூனிவர்சிட்டிக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

"இலை இருந்தா என்ன, இல்லேன்னா என்ன? கெளம்பு."

வரவில்லை என்றேன்.

"ஒத்தையா இங்கேயே கெடக்கப் போறயா?"

ஆமாம் என்றேன். அவனை விட்டால் எனக்கு யாரும் இல்லை, அது அவனுக்கும் தெரியும். பொள்ளாச்சி பஸ் ஏறினான். எல்லைச் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது திரும்பிப் பார்ப்பான் என்று வெயிலில் நின்றேன். பார்க்கவில்லை.

அறைக்கு வந்து, மிச்சமிருந்த மண்ணைக் கழுவ உட்கார்ந்தேன்.